அந்த டியூபில் இருந்த காற்று

மாதேஷுக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க மாட்டேன். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உன் அப்பா லாரி சீட் பட்டறைக்குப் போய்வருகிறார், நான் மிஷினில் உட்கார்ந்து சீட்டுக்கு ரெக்சின் உறை தைக்கிறேன். ஓசூரிலிருந்து நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. "கல்யாணம் வேண்டாம். பத்திரிகை அடிக்கக் கொடுத்ததை நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்." இதை ஒரு கவரில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கக் கூடாதா? தபால்காரர் வாசலில் நின்று படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். "ஏங்க, பெரிய தம்பிக்கு என்னாச்சுங்க?" என்று அவர் என்னைக் கேட்கிறார். எனக்கே தெரியாததை அவருக்கு என்னவென்று சொல்வது? வெயிலுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

காரணம் கேட்காதே என்றாய், நானும் கேட்கவில்லை. காரணம் தானாகவே பாலக்கோட்டில் பஸ் ஏறி இங்கே வந்து இறங்கியது. ஆமாம், லலிதாதான் வந்தாள். ரவிக்கைத் துணி எடுக்கத் தருமபுரி போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தனியாக வந்திருந்தாள். நிச்சயம் செய்த பெண் மாமியார் வீட்டுக்குத் தனியாக வருவது நம் பக்கம் உண்டா? முதலில் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. உள்ளே வந்தாள், காபியை வாங்கிக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள், பிறகு என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, நான் கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. அவரு தம்பி சாவுக்கு அவரு என்னாங்க பண்ணாரு?" என்றாள். என் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

நீ அவர்கள் வீட்டுக்குப் போய், பெண்ணிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டு, கொல்லைப்புறத்தில் நின்று சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். "என் கவனக்கொறைவால என் தம்பி செத்தான். என்னை நம்பி ஒரு கொழந்தைய வூட்ல உட்டுட்டுப் போக முடியாது. நீ வேற எடம் பாத்துக்க" என்றாயாமே. அவள் விடவில்லை, துருவிக் கேட்டிருக்கிறாள். நீ அந்தச் சைக்கிள் பம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். ஓசூருக்கு இன்டர்வியூ போன காலையில் அவசரத்தில் பம்பை ஆணியில் மாட்டாமல் கட்டில் காலடியில் விட்டுப் போனதாகவும், நீ இல்லாதபோது தம்பி குமார் தானே எழுந்து விளையாட்டுத் துப்பாக்கிக்குக் காற்று அடித்து விளையாடியதாகவும், அதனால்தான் அவன் இதயம் நின்றுபோனதாகவும். சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண், "அவரு அழுவலீங்க அத்தை. அழுதிருந்தாக்கூட எனக்கு பயமா இருந்திருக்காது" என்றாள்.

மாதேசா, இத்தனை வருஷமும் நீ இதையா தூக்கிக்கொண்டு திரிந்தாய்? தீபாவளிக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாயே, அது இதற்காகவா? என் முகத்தை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவாயே, அதுவும் இதற்காகவா? உனக்கு என்மேல் கோபம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் போக மாட்டேன் என்ற உன்னை, இன்டர்வியூ கடுதாசி மறுபடி வருமா என்று திட்டிப் பஸ் ஏற்றிவிட்டது நான். தம்பியின் கடைசி நாளில் கூட இருக்க விடாமல் செய்துவிட்டாளே என்று நீ உள்ளுக்குள் என்னைக் கரித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு அந்த உரிமை உண்டு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒரே வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு ஆளுக்கொரு எண்ணத்தை வளர்த்திருக்கிறோம். உன் அப்பாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர் வாயைத் திறக்க ஆள் வைக்க வேண்டும்.

சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் உன் புத்தி எனக்குத் தெரியும். அம்மா ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறாள் என்று கடிதத்தை மடித்துவைத்துவிடுவாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். பொறுமையாகப் படி. உன் கம்பெனி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே.

குமாருக்கு அந்த மூட்டு வலிக் காய்ச்சல் வந்துபோன பிறகு அவன் ஓடினால் உதடு நீலமாகிவிடும் என்பது உனக்கு நினைவிருக்கும். பெங்களூருக்கு ரயிலில் கூட்டிப்போய்க் காட்டியபோது பெரிய டாக்டர் உன் அப்பாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நீ வெளியே பெஞ்சில் தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இதயத்துக்குள் இருக்கும் கதவு ஒன்று கெட்டுவிட்டது, நாள் ஆக ஆக நுரையீரலில் தண்ணீர் சேரும், ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு இல்லை, இருக்கும் வரை சந்தோஷமாக வைத்திருங்கள் என்றார். வெளியே வந்து உன்னிடம், "ஓடக் கூடாதாம், கனம் தூக்கக் கூடாதாம், மத்தபடி ஒன்னும் ஆவாதாம்" என்று சொன்னேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வேன்? நீ அந்தப் பாதியை அப்படியே பிடித்துக்கொண்டாய். ஓடாமல் பார்த்துக்கொண்டால் தம்பி பிழைத்துவிடுவான் என்று நம்பினாய்.

அந்த நம்பிக்கையில்தான் துப்பாக்கி வந்தது. தெருப் பிள்ளைகள் ஓடி ஆடுவதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான் இவன். ஒருநாள் நீ அப்பாவின் பட்டறைக் கழிவிலிருந்து ஒரு கை ஸ்பாஞ்சுத் துண்டுகளை அள்ளிவந்தாய். லாரி சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சியவை. "இவன் ஓட வேணாம்மா. இவன் சுடட்டும், ஓடறவன் ஓடட்டும்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வீட்டில் பிள்ளைகள் செய்வதற்கு வேறு சாமானே கிடைக்கவில்லையா, துப்பாக்கியா என்று கத்தினேன். "ஸ்பாஞ்சு குண்டும்மா, மேல பட்டா கிச்சுகிச்சு மூட்ன மாதிரி இருக்கும்" என்று குமார் கட்டிலிலிருந்து சிரித்தான். அவன் சிரித்தால் நான் எங்கே அதற்குமேல் பேச?

நீ முதலில் செய்தது குடைக்கம்பி ஸ்பிரிங் வைத்தது. ஸ்பிரிங்கைப் பின்னால் இழுத்து மாட்டினால்தான் சுடும். இழுக்கும்போதே குமாருக்கு மூச்சு வாங்கியது. நீ அதை அந்த இடத்திலேயே பிரித்துப் போட்டாய். ஒரு வாரம் உனக்குப் படிப்பும் இல்லை, சோறும் இல்லை. பிறகு பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, ஒரு நுனியை மடித்துக் கம்பியால் கட்டி, மறு நுனியில் ரப்பர் குழாயைச் செருகி, அதைக் கிணற்று மோட்டார்காரர் வீசிப்போன பிளாஸ்டிக் பைப்போடு சேர்த்தாய். டியூபில் பம்பால் காற்று அடித்து வைக்க வேண்டும். ரப்பர் குழாயை மடித்து ஒரு மரக்கட்டை அழுத்திப் பிடித்திருக்கும். சைக்கிள் பிரேக் பிடியை இழுத்தால் கட்டை தூக்கும், காற்று ஒரே மூச்சாகப் பாய்ந்து குண்டைத் தள்ளும். பிரேக் பிடியை இழுக்க ஒரு விரல் போதும். கஷ்டமான வேலை முழுவதும் காற்று அடிப்பதில்தான், அதை நீ எடுத்துக்கொண்டாய். காற்று அண்ணனுடையது, குறி தம்பியுடையது என்று சட்டம் போட்டீர்கள். குமார் பம்பைத் தொடவே கூடாது என்பது முதல் சட்டம். அதற்காகத்தான் கதவுக்குப் பின்னால், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்தாய்.

குண்டுக்குப் பட்ட பாடு தனி. நீங்கள் ஸ்பாஞ்சை பைப்பால் அழுத்தி அழுத்தி வெட்ட, ஒவ்வொரு குண்டும் நடுவில் ஒடுங்கி இடுப்பு வைத்துக்கொண்டு வந்தது. காற்று பக்கவாட்டில் போய்விட்டு, குண்டு கட்டில் பக்கத்திலேயே பொத்தென்று விழும். உன் அப்பா ஒரு சாயங்காலம் வந்து பார்த்தார். அடுத்த நாள் பைப்பின் விளிம்பை அரத்தால் ராவிக் கூர்மையாக்கிக் கொண்டுவந்தார். "அமுக்காத. சோப்புத் தண்ணில நனைச்சுக்க, திருவிக்கிட்டே எறக்கு" என்றார். இடுப்பில்லாத நேரான குண்டு வந்தது. அதுவும் பறக்கும்போது குட்டிக்கரணம் போட்டது. முனையில் பழைய ஹவாய் செருப்பில் வட்டமாக வெட்டிய துண்டைப் பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டியதும் நேராகப் போனது. குமார் அன்றைக்கு எதிர்ச் சுவரில் வைத்த தீப்பெட்டியை விழுத்தாட்டினான். நீ அவனைத் தோளில் தூக்கப் போய், நான் போட்ட சத்தத்தில் இறக்கிவிட்டாய்.

பிறகு தினமும் நம் வாசல் திருவிழாவாகத்தான் இருந்தது. தெருப் பிள்ளைகள் கரடியாக ஓடுவார்கள், திருடனாக ஓடுவார்கள். அடிபட்டவன் குண்டை எடுத்துவந்து சுட்டவன் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் உங்கள் சட்டம். நீ கட்டில் பக்கத்தில் நின்று வியர்வை சொட்டச் சொட்டப் பம்ப் அடிப்பாய். ஒரு முறையாவது நீ குறி பார்த்து நான் கண்டதில்லை. "நீயும் ஒரு தடவ சுடுடா" என்றால், "எனக்கு வேணாம், இவன் குறி பாக்கறதே போதும்" என்பாய். குமார் அதைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தான். அது உனக்குத் தெரியாது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் உனக்கும் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது.

அதற்கு முந்திய வாரமே அவன் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினான். டாக்டர் சொன்ன தண்ணீர் சேர ஆரம்பித்துவிட்டது என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். இங்கே ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிவந்தோம், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். உன்னிடம் சொன்னால் நீ இன்டர்வியூவுக்குப் போக மாட்டாய். ஒருவன் போகப்போகிறான் என்று தெரிந்த வீட்டில் இன்னொருவனின் பிழைப்பையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் கல்லாக நின்றேன். "போடா, நான் இருக்கேன்ல" என்று விரட்டினேன். நீ பம்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாய்.

மத்தியானம் சாப்பாடு ஊட்டி முடித்தபோது குமார்தான் காட்டினான். "அம்மா, அண்ணன் பம்ப மாட்டாமயே போயிடுச்சு" என்றான். நான் எடுத்து ஆணியில் மாட்டப் போனேன். "மாட்டாதம்மா. ஒரே ஒரு தடவ அடிச்சுக் குடேன்" என்றான். எனக்கு வேறு வேலை இல்லையா என்றேன். "அண்ணன் வேலைக்குப் போயிட்டா அப்பறம் எனக்கு யாரும்மா அடிப்பாங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டு என்னையே பார்த்தான். மாதேசா, அவனுக்குத் தெரிந்திருந்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பின் காலை மிதித்து அடித்தேன். நான்தான் அடித்தேன். அவன் பம்பைத் தொடவில்லை. கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. மிஷின் மிதித்த கால் இது, ரெக்சின் இழுத்த கை இது, உன்னைவிடக் கெட்டியாகவே அடித்தேன். அவன் பிரேக் பிடியை இழுத்தான், சுவரில் இருந்த தீப்பெட்டி விழுந்தது. "இப்ப நீ ஓடும்மா, கரடி மாதிரி ஓடு" என்றான். வெட்கத்தைப் பார்க்காமல் வாசலில் ஓடினேன். முதுகில் குண்டு பட்டது. அவன் சொன்னது சரிதான், கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரிதான் இருந்தது. சட்டப்படி நானே குனிந்து எடுத்துக்கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். மறுபடி காற்று அடித்தேன், மறுபடி ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து அவன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு, "போதும்மா" என்றான். பம்பை வைக்கப் போனேன். "இன்னொரு தடவ அடிச்சு வைய்யி. நான் சுட மாட்டேன். அண்ணன் வந்து சுடட்டும். அது ஒரு நாளும் குறி பாத்ததே இல்லம்மா" என்றான். டியூப் கல்லாக ஆகும்வரை அடித்தேன். அவனே நல்ல குண்டாக ஒன்றைப் பொறுக்கி, ஊதித் துடைத்து, பைப்பில் போட்டுவைத்தான். அதற்கப்புறம் சொன்னான், "நீ காத்து அடிச்சேன்னு அண்ணன்கிட்ட சொல்லாதம்மா. அது அண்ணன் வேலை இல்ல? வருத்தப்படும்." சரி என்று அவன் தலையில் கை வைத்தேன். அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அதுதான். இத்தனை வருஷம் நான் சொல்லாமல் இருந்ததற்கு வேறு காரணம் இல்லை. பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு, அதுவும் அவன் போன பிறகு, எப்படி மீறுவேன்?

சாயங்காலம் மூச்சுத் திணறல் அதிகமாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பம்ப் போட்ட இடத்திலேயே கிடந்தது. நீ ஓசூரிலிருந்து வந்து முதலில் வீட்டுக்குள் போயிருக்கிறாய். கட்டில் காலடியில் பம்ப், பக்கத்தில் காற்று நிறைந்த டியூப். அதைப் பார்த்ததும் நீயாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் நீ அவன் பக்கத்தில் நின்றபோது அவன் மூக்கில் குழாய் இருந்தது, பேச முடியவில்லை. உன்னைப் பார்த்ததும் ஒரு விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். விளையாடிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறான் என்று நீ நினைத்தாயாம், லலிதா சொன்னாள். அடப்பாவி மகனே, அவன் உன்னைச் சுடச் சொன்னான். வீட்டில் உனக்காக ஒன்று போட்டு வைத்திருக்கிறேன், போய்ச் சுடு என்றான்.

விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நீ டியூபின் வால்வைத் திருகிக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாய். அவன் விரல் காட்டியது உனக்குப் புரிந்தும் சுட மனம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சத்தம் முடியும்வரை நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் அடித்த காற்று அது. அவன் உனக்கென்று விட்டுப்போனது. ஓடிவந்து உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நீ எல்லாவற்றையும் கோணியில் சுற்றிப் பரணில் போட்டாய். பம்பைத் துடைத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாய். அன்றிலிருந்து அது அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் என்னை மன்னிக்கட்டும், வாக்கை மீறிவிட்டேன். உன்னை வருத்தப்படுத்தக் கூடாது என்றுதான் அவன் அப்படிக் கேட்டான். நான் சொல்லாததால் நீ பட்டது அதைவிடப் பெரிய வருத்தமாகப் போய்விட்டது. இருந்திருந்தால் அவனே, சொல்லித் தொலைம்மா என்றிருப்பான். அன்றைக்கு அவன் சிரித்ததால்தான் போனானா, நான் காற்று அடித்ததால்தான் போனானா என்று நானும் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரிடமே கேட்டேன். "சிரிச்சா யாரும் சாக மாட்டாங்கம்மா, நுரையீரல் முழுக்கத் தண்ணி" என்றார். அதை நான் பிடித்துக்கொண்டேன். நீயும் பிடித்துக்கொள். உன் கவனக்குறைவால் என் பிள்ளை சாகவில்லை. நீ பம்பை மாட்ட மறந்ததால்தான் எனக்கு அந்த மத்தியானம் கிடைத்தது. மாட்டிவிட்டுப் போயிருந்தால் அவனோடு ஒரு நாளும் விளையாடாத அம்மாவாகவே நான் இருந்திருப்பேன். இதை உனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

லலிதாவைப் பற்றி ஒரு வார்த்தை. நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தபிறகும், உனக்கு என்ன ஆனது என்று கேட்கப் பஸ் ஏறி வந்த பெண் அவள். நான் முழுவதும் சொல்லி முடித்ததும் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்திரிகைய நிறுத்தாதீங்க அத்தை, நான் எங்க வூட்ல ஒன்னும் சொல்லல" என்றாள். இவளை விட்டால் உன்னைவிட முட்டாள் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டான். கல்யாணம் செய்துகொண்டால் அவளிடம் எதையும் நீயாகவே கணக்குப் போட்டு முடிவுசெய்யாதே. கேள். கேட்டால் சண்டை வரும், வரட்டும். நம் வீட்டில் சண்டை வந்திருந்தால் உனக்கு இத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும். உன்னை நம்பி ஒரு குழந்தையை விட முடியாது என்றாயே, தன் தம்பி நோகாமல் ஒரே விரலால் சுடும்படி துப்பாக்கி செய்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

உன் அப்பாவிடமும் சொன்னேன். தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார், சோறு காய்ந்துபோனது. குமார் போன பிறகு அவர் பட்டறையிலிருந்து ஒரு ஸ்பாஞ்சுத் துண்டுகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அரம் எடுத்து அந்தப் பழைய பைப்பின் விளிம்பை ராவினார், சோப்புத் தண்ணீர் கரைக்கச் சொன்னார். எல்லாமே நேரான குண்டுகள், ஒன்றுகூட இடுப்பு வைக்கவில்லை. முனைக்கு என் செருப்பை வெட்டிவிட்டார். நல்ல செருப்பு, கேட்காமல் வெட்டினார். நான் திட்டவில்லை.

பரணிலிருந்து இறக்கிய பழைய டியூப் வெடித்து உதிர்ந்துவிட்டது. புது டியூப் வாங்கினேன், சைக்கிள் கடைப் பையன் எந்தச் சைக்கிளுக்கு என்று கேட்டான். பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோயிருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். நேற்று அடித்துப் பார்த்தேன். முன்பு போல இல்லை, கொஞ்சம் அடித்தாலே எனக்கும் மூச்சு வாங்குகிறது. ஆனால் காற்று நிற்கிறது. எவ்வளவு நல்ல டியூப் ஆனாலும் மெல்ல மெல்ல இறங்கத்தானே செய்யும், நீ வரும்வரை தினமும் காலையில் கொஞ்சம் சேர்த்து அடித்துவைப்பேன். குண்டு பைப்பில் இருக்கிறது, ஊதித் துடைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

லீவு சொல்லிவிட்டு வா. காற்று உனக்கென்றே இருக்கிறது, இந்த முறை நீதான் குறி பார்க்க வேண்டும். ஓடுவதற்கு நான் இருக்கிறேன். அடிபட்டால் நானே குனிந்து எடுத்துவந்து உன் கையில் கொடுப்பேன்.

அம்மா